ஆறு பத்து

நீதிபதி வீட்டைப் பிரித்தார், காரைப் பிரித்தார்,
ஒற்றைக் காப்பிப் பானையைக்கூட யாருக்கென்று எழுதினார்.
படகிடம் வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
ஒரு வாரம் அவனுக்கு, ஒரு வாரம் எனக்கு.
ஞாயிறு மாலை ஆறு மணிக்குக் கை மாறட்டும்.

கயிறு அறுந்தது ஆறு பத்துக்கு.

கம்பாதோஸ் துறையில் சாவிக்காக நின்றிருந்தேன்.
கழிமுகத்தில், சிப்பித் தெப்பங்களுக்கு நடுவே,
வடகிழக்குக் காற்று சொல்லாமல் ஏறியது.
முன்பாய் சுருளவில்லை.
எங்கள் படகின் பெயர் லவாந்தேய்ரா,
வாலாட்டிக் குருவி என்று அர்த்தம்.
அன்று அது உடம்பு முழுவதையும் ஆட்டியது.

யூகலிப்டஸ் கட்டைத் தெப்பமொன்றை
ஒரு முழ இடைவெளியில் தப்பி வந்தான் ப்ராய்ஸ்.
கரை தொட்டதும் முதல் பேச்சு:
"உன் வாரத்தில் அறுந்தது."
"என் வாரத்தில், உன் கையில்."
கையால் இழுக்க வேண்டியதை
வின்ச்சில் போட்டு முறுக்கியிருக்கிறான்.
இல்லையாம்.
மாமியார் உடைத்தால் மண்குடம்;
அவன் அறுத்தால் ஏற்கெனவே நைந்த கயிறு.

இருவருமாய் அணியத்தில் மண்டியிட்டு
டிரம்மைக் கையாலேயே திருகிப்
பாயைச் சுருட்டிக் கட்டினோம்.
அதுவரை வாக்குவாதத்துக்கு விடுமுறை.

புதுக்கயிறு இருபது மீட்டர், பத்து மில்லி,
நாற்பத்தெட்டு யூரோ. பாதிப் பாதி.
தபால் நிலையத்தில் நாளெல்லாம் முத்திரை குத்திவிட்டு
இரவு சமையல் மேசையில் அதைக் கிடத்தினேன்.
டிரம் சிறியது. தடித்த கயிறு அதில் அடங்காது.
பின்னலை ஊசியால் விலக்கி
உள்நரம்பை வெளியே இழுத்தேன், எட்டு மீட்டர்.
வெட்டிய முனையை இழை இழையாய் மெலித்து
உறைக்குள் திரும்பப் புதைத்து
மாட்டு மடியை நீவுவதுபோல் நீவிவிட்டேன்.
எங்கே முடிகிறது நரம்பு,
எங்கே தொடங்குகிறது வெறும் தோல் என்று
விரலுக்கு மட்டும் தெரிந்தது.

சனிக்கிழமை காலை.
அறுந்த பழைய கயிறு இன்னும் கிடந்தது
ஓரக் கம்பிகளின் ஐந்து கப்பிகளுக்குள்.
அதன் முனையும் புதியதன் முனையும்
நேருக்கு நேர் வைத்து ஏழு தையல் போட்டேன்.
முடிச்சுப் போட்டால் கப்பி விழுங்காது.
நான் அணியத்தில், அவன் சுக்கான் பக்கம்.
நடுவில் காற்று; கத்தினால் கேட்காது.
ஓர் இழுப்பு என்றால் விடு.
இரண்டு என்றால் நில்.
இதை யாரும் பேசி வைக்கவில்லை.

மூன்றாம் கப்பியில் தையல் சிக்கியது.
இரண்டு இழுப்பு.
கொஞ்சம் பின்வாங்கித் திருப்பி விட்டேன்.
ஓர் இழுப்பு.
போனது.

முனையை டிரம்மின் துளையில் கோத்து முடிந்து
சுற்றிய நான்கு சுற்றும் தப்பு.
சோதித்ததும் பாய் எதிர்ப்பக்கம் சுருண்டு
வெயில் தாங்கும் நீலப் பட்டை உள்ளே போனது,
வெள்ளைத் துணி வெளியே நின்றது.
பின்னாலிருந்து அவன் பார்த்தான்.
வாய் திறப்பான் என்று காத்திருந்தேன்.
அவன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
அவிழ்த்து மறுபக்கம் சுற்றினேன்.

பிறகு அவன் இழுத்தான், வெறுங்கையால்,
எனக்குத் தெரியட்டும் என்று கையை உயர்த்தி உயர்த்தி.
பாய் அடங்கிச் சுருண்டது, நீலம் வெளியே.

சுக்கான் அருகே போனபோது
தையலை ஏற்கெனவே வெட்டியிருந்தான்.
உள்ளே வந்து சேர்ந்தபின் அதற்கு வேலை இல்லை.
பழைய கயிறு ஒரு வாளியில்.

மிஞ்சியது அந்த எட்டு மீட்டர் நரம்பு.
நல்ல நரம்பு, வெள்ளை வெளேரென்று.
யாருக்கு?
இருவரும் ஒரே நேரத்தில் கத்தியை எடுத்தோம்.
நான்கு அவனுக்கு, நான்கு எனக்கு.

வெட்டியபின்தான் அளந்து பார்த்தேன்:
பால்கனித் துணிக்கொடிக்கு
ஐந்து மீட்டர் வேண்டும்.